லீகல் பார்த்தாச்சா?

பெரிய கம்பெனி ஒன்றில் எந்தக் காகிதமும் கையொப்பத்துக்குப் போகும் முன் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார். விற்பனைப் பிரிவு மாதக்கணக்கில் அலைந்து பிடித்த வாடிக்கையாளராக இருக்கும். காலாண்டு முடிய நாலைந்து நாள்தான் இருக்கும். ஒப்பந்தமோ சட்டப் பிரிவின் மேசையில் கிடக்கும். அங்கே இருப்பவர், இழப்பீட்டுப் பிரிவுக்கு உச்சவரம்பு போடவில்லை என்று சிவப்பில் குறித்துத் திருப்பி அனுப்புவார். அலுவலகத்தில் யாருக்கும் பிடிக்காத ஆள் யார் என்று ரகசிய வாக்கெடுப்பு வைத்தால் கணக்குப் பிரிவுக்கும் இவருக்கும்தான் போட்டி இருக்கும்.

வக்கீல் என்றதும் நமக்குக் கறுப்பு அங்கியும் உயர் நீதிமன்ற வளாகமும் வாய்தாவும் நினைவுக்கு வருகின்றன. நிறுவனத்துக்குள் சம்பளத்துக்கு இருக்கும் சட்டக்காரர் கோர்ட் படியே ஏறாமல் ஓய்வுபெற்றுவிடலாம். அவர் பார்க்கும் வேலையில் பெரும்பகுதி தேதிகளோடு மல்லுக்கட்டுவது. காசோலை திரும்பிவந்தால் வங்கியிலிருந்து தகவல் கிடைத்த முப்பது நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். எதிராளிக்குப் பதினைந்து நாள் அவகாசம் தர வேண்டும். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் வழக்கு. வழக்குப் போடுவதில் ஒரு நாள் பிசகினாலும், தாமதத்துக்குத் தக்க காரணம் சொல்லி நீதிமன்றத்தின் முன் நிற்க வேண்டிவரும். டி.டி.எஸ். 7ஆம் தேதி, பி.எஃப். 15ஆம் தேதி. தொழிற்சாலை இருந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை எப்போது முடிகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையை விசாரிக்க 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழு இருந்தாக வேண்டும்; புகார் வந்தால் தொண்ணூறு நாளுக்குள் விசாரணை முடிய வேண்டும்.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனி என்றால் கடிகாரம் இன்னும் வேகமாக ஓடும். போர்டு மீட்டிங்குக்கு ஏழு நாள் முன்பே அறிவிப்பு போக வேண்டும். இரண்டு கூட்டங்களுக்கு நடுவே 120 நாளுக்கு மேல் இடைவெளி விழக் கூடாது. முக்கியமான முடிவு எடுக்கப்பட்டால், கூட்டம் முடிந்த முப்பது நிமிடத்துக்குள் சந்தைக்குச் சொல்ல வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் வாரியமான செபியின் விதி. சந்தை நேரம் முடிந்தபின் முடியும் கூட்டங்களுக்கு மட்டும் மூன்று மணி நேரம் என்று பின்னால் சற்று இளக்கினார்கள். காலாண்டு முடிந்த நாளிலிருந்து, முடிவுகள் வெளியாகி 48 மணி நேரம் ஆகும்வரை உள் விவரம் தெரிந்த ஊழியர்கள் கம்பெனிப் பங்கை வாங்கவோ விற்கவோ கூடாது. மைத்துனர் கல்யாணத்துக்குப் பணம் வேண்டும், கொஞ்சம் பங்கை விற்றுக்கொள்ளட்டுமா என்று கேட்டுவரும் மேலாளருக்கு ‘முடியாது சார்’ என்று பதில் சொல்ல வேண்டியவரும் இவர்தான்.

இதையெல்லாம் இன்று மென்பொருள் கவனிக்கிறது. ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு வரி, ஒவ்வொரு வரிக்கும் ஒரு பொறுப்பாளர். காலத்தில் செய்தால் பச்சை, நெருங்கினால் மஞ்சள், தவறினால் சிவப்பு. ரசீதையோ சான்றையோ ஏற்றினால் வரி பச்சையாகிவிடும். காலாண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு துறைத் தலைவரும் ‘என் துறைக்குப் பொருந்தும் சட்டங்கள் அனைத்தும் பின்பற்றப்பட்டன’ என்று கையொப்பமிடுவார். அவற்றைத் தொகுத்து ஒரே சான்றாக நிறுவனச் செயலர் போர்டின் முன் வைப்பார். அதை நம்பித்தான், எல்லாச் சட்டங்களையும் பின்பற்றுவதற்கான ஏற்பாடுகள் முறையாக உள்ளன, அவை திறம்பட இயங்குகின்றன என்று இயக்குநர்கள் ஆண்டறிக்கையில் உறுதி கூறுகிறார்கள். கம்பெனிகள் சட்டம், 2013இன் 134ஆம் பிரிவு கேட்கும் உறுதி அது. அடியிலிருந்து மேலே போகும் இந்தச் சங்கிலியில் ஒவ்வொருவரும் தனக்குக் கீழே உள்ளவரின் கையொப்பத்தைப் பார்த்துத் தன் கையொப்பத்தை இடுகிறார். பச்சை என்றால் காகிதம் ஏறியிருக்கிறது என்று பொருள். காகிதத்தில் இருப்பது உண்மையா என்று மென்பொருளுக்குத் தெரியாது.

நிறுவனங்களுக்குள் இயங்கும் இந்தச் சட்டத் துறைகளின் பெரும் தோல்விகளை வரிசையாகப் படித்தால் ஒன்று தெளிவாகிறது. சட்டம் தெரியாமல் யாரும் விழுந்ததில்லை. தெரிந்தது மேலே போகும் பாதை அடைபட்டிருந்தது, அல்லது பாதையின் உச்சியில் இருந்தவரே சிக்கலாகிப்போனார். இரண்டுக்கும் நன்றாகப் பதிவான ஒவ்வோர் உதாரணம் இருக்கிறது. இரண்டாவது நம்மூர்க் கட்டடம் ஒன்றைப் பற்றியது. அதற்குமுன் இந்தச் சட்டக்காரர் யாருடைய ஆள் என்பதைப் பார்த்துவிடலாம்.

இந்தியாவில் அவர் தொழில்முறை வழக்கறிஞர் இல்லை. முழுநேரச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வழக்கறிஞராகத் தொழில் செய்ய முடியாது என்கிறது இந்திய பார் கவுன்சிலின் 49ஆம் விதி. வேலையில் சேரும் அன்றே பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துத் தன் பதிவை நிறுத்திவைக்க வேண்டும். ஏதோ சம்பிரதாயம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னதை யாரும் பிடுங்கிக் கேட்க முடியாது என்ற பாதுகாப்பு வழக்கறிஞருக்குத்தானே உண்டு? சம்பளத்துக்கு இருப்பவருக்கும் உண்டா? நெடுநாள் இழுத்த இந்தக் கேள்விக்கு 2025 அக்டோபர் 31இல் உச்ச நீதிமன்றம் விடை சொன்னது. சென்னையின் மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தத்தார் ஒரு சட்டக் கருத்துரை எழுதித் தந்ததற்காக அமலாக்கத் துறை அவருக்கு சம்மன் அனுப்பியது. எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெற்றது. அதையொட்டிக் கிளம்பிய விவாதத்தின் நடுவே, வழக்கறிஞர்களைப் புலனாய்வு அமைப்புகள் இப்படி அழைக்கலாமா என்பதை நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. அந்தத் தீர்ப்பின்படி, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 132ஆம் பிரிவு தரும் முழுப் பாதுகாப்பு கம்பெனிக்குள் சம்பளம் வாங்கும் சட்ட ஆலோசகருக்குக் கிடையாது. 134ஆம் பிரிவின் குறுகிய பாதுகாப்பு மட்டும் ஓரளவுக்குக் கிடைக்கும்.

ஐரோப்பா 2010லேயே இந்த முடிவுக்கு வந்துவிட்டது. ஆக்ஸோ நோபல் குழுமத்தின் பிரிட்டிஷ் அலுவலகத்தில் ஐரோப்பிய ஆணையம் 2003இல் சோதனை நடத்தியபோது, மேலாளர் ஒருவருக்கும் உள்ளகச் சட்டக்காரருக்கும் நடந்த மின்னஞ்சல் பரிமாற்றம் சிக்கியது. அவர் நெதர்லாந்தில் வழக்கறிஞராகப் பதிவு பெற்றவர்தான். ஆனாலும் சம்பளம் தருபவரிடமிருந்து முழுச் சுதந்திரத்தோடு அவர் பேச முடியாது என்று சொல்லி, ஐரோப்பிய நீதிமன்றம் அந்த ரகசியத்தைப் பாதுகாக்க மறுத்தது. அமெரிக்கா நேர் எதிர். அங்கே அப்ஜான் என்ற மருந்து கம்பெனியின் தலைமைச் சட்ட ஆலோசகர், வெளிநாட்டு அரசு அலுவலர்களுக்குப் பணம் கொடுத்தீர்களா என்று கேட்டுத் தன் கம்பெனி மேலாளர்களுக்கே வினாப்பட்டியல் அனுப்பினார். வரித்துறை அந்தப் பதில்களைக் கேட்டு வந்தபோது, 1981இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தர முடியாது என்றது. ரகசியம் காக்கப்பட்டது, ஆனால் அந்த ரகசியம் கம்பெனிக்குச் சொந்தம், பதில் எழுதிய மேலாளருக்கு அல்ல. அதனால்தான் இன்றும் உள்விசாரணைக்கு ஓர் ஊழியரை உட்காரவைக்கும் அமெரிக்க வழக்கறிஞர் முதலில் ஓர் எச்சரிக்கையைச் சொல்கிறார்: நான் கம்பெனியின் வக்கீல், உன் வக்கீல் இல்லை, நீ சொல்வதைக் கம்பெனி விரும்பினால் அரசிடம் கொடுத்துவிடலாம். பன்னாட்டு நிறுவனங்களின் சென்னை, பெங்களூரு அலுவலகங்களிலும் இந்த எச்சரிக்கை சொல்லப்படுகிறது. கேட்பவர்களில் எத்தனை பேருக்கு அதன் கனம் புரிகிறது என்பது வேறு விஷயம்.

இந்தப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை அலுவலக வாழ்க்கை அறிந்தவர்கள் எளிதில் ஊகிக்கலாம். எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் வராது, ‘போன்ல பேசலாமா?’ என்று வரும். குறிப்பு எடுக்காத கூட்டங்கள் நடக்கும். கம்பெனியைக் காப்பாற்றத்தான் இந்தப் பழக்கம் உருவாகிறது. அதே பழக்கம் கம்பெனியைக் குருடாக்கவும் செய்யும் என்பதற்கு ஜெனரல் மோட்டார்ஸைவிட விரிவான சான்று கிடையாது.

அந்த நிறுவனத்தின் கோபால்ட் முதலிய சிறிய கார்களில் சாவி போடும் சுவிட்சின் இறுக்கம் போதவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே, கொத்துச் சாவியின் கனத்திலோ முழங்கால் பட்டோ சாவி பின்னுக்கு நழுவும். எஞ்சின் நிற்கும், ஸ்டியரிங்குக்கும் பிரேக்குக்கும் கிடைக்கும் கூடுதல் விசை போய்விடும், மோதினால் ஏர்பேக் விரியாது. 2006இல் சுவிட்சை ஓசையில்லாமல் மாற்றினார்கள், ஆனால் உதிரிப்பாகத்தின் எண்ணை மாற்றவில்லை. அதனால் பின்னால் வந்த ஆய்வாளர்களுக்குப் பழைய கார்கள் மட்டும் ஏன் இப்படி நடந்துகொள்கின்றன என்று விளங்கவில்லை. 2013இல் ஒரு விபத்து வழக்கில் எதிர்த்தரப்பு நிபுணர் இரண்டு சுவிட்சுகளைப் பிரித்து அருகருகே வைத்துக் காட்டியபோதுதான் குட்டு வெளிப்பட்டது. 2014 பிப்ரவரியில் திரும்ப அழைப்பு தொடங்கியது. சில வாரங்களில் எண்ணிக்கை உலகெங்கும் சுமார் 26 லட்சம் கார்களை எட்டியது. பின்னர் அமைக்கப்பட்ட இழப்பீட்டு நிதி 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது.

சட்டப் பிரிவுக்கு இதில் என்ன வேலை? நிறையவே இருந்தது. விபத்தில் இறந்தவர்களின் குடும்பங்கள் தொடுத்த வழக்குகள் முதலில் வந்துசேரும் இடம் அதுதான். கம்பெனியின் பொறியாளர்கள் ஒரு காரைத்தான் பார்ப்பார்கள். சட்டப் பிரிவு ஒரே மாதிரியான பல விபத்துகளைக் கோப்புகளாகப் பார்க்கும். கம்பெனிக்காக வாதாடிய வெளி வழக்கறிஞர்களே, இந்த வழக்குகள் நீதிமன்றம் போனால் தண்டனை இழப்பீடு விழக்கூடும் என்று ஒன்றுக்கு மேற்பட்ட முறை எழுதி எச்சரித்தார்கள். உள்ளே இருந்த வழக்கறிஞர்கள் அந்த வழக்குகளைச் சமரசம் செய்து முடித்தார்கள். தொகைக்கு ஏற்ற குழுக்கள் இருந்தன. 50 லட்சம் டாலர் வரையிலான சமரசங்களுக்குத் தலைமைச் சட்ட ஆலோசகரின் ஒப்புதல் தேவைப்படவில்லை. ஒவ்வொரு கோப்பும் ஒழுங்காக மூடப்பட்டது. கோப்புகளைச் சேர்த்துவைத்துப் பார்க்கும் வேலை யாருக்கும் கொடுக்கப்படவில்லை. 2014 வரை தனக்கு இது தெரியாது என்று அந்தத் தலைமைச் சட்ட ஆலோசகர் சொன்னார். கம்பெனி அமர்த்திய முன்னாள் அரசு வழக்கறிஞர் ஆன்டன் வலூகாஸின் விசாரணையும் அப்படித்தான் கண்டது. என்னைப் பொறுத்தவரை அது அவருக்கு நற்சான்று ஆகாது. ஆள் செத்த வழக்குகள், பணத்தொகை சிறியதாக இருந்த ஒரே காரணத்தால் அவர் மேசைக்கு வராதபடி ஏணியை அமைத்ததும் அவருடைய பிரிவுதான்.

வலூகாஸ் அறிக்கை முந்நூறு பக்கத்தைத் தாண்டும். அதில் மறக்க முடியாத இரண்டு சைகைகள் வருகின்றன. கூட்டத்தில் எல்லோரும் ஒரு திட்டத்துக்குத் தலையாட்டிவிட்டு, யாரும் செய்யப்போவதில்லை என்ற புரிதலோடு வெளியே போவது ஒன்று, அதற்கு ஜி.எம். தலையாட்டல் என்றே ஊழியர்கள் பெயர் வைத்திருந்தார்கள். மார்பின் குறுக்கே கையைக் கட்டி, விரலை மட்டும் பக்கத்தில் இருப்பவர்களை நோக்கி நீட்டி, பொறுப்பு அவர்களுடையது என்று காட்டுவது இன்னொன்று. அதன் பெயர் ஜி.எம். சல்யூட். பாதுகாப்புக் கூட்டங்களில் குறிப்பு எடுப்பதைச் சட்டப் பிரிவு விரும்பவில்லை என்று தாங்கள் நம்பியதாகப் பலர் விசாரணையில் சொன்னார்கள். அப்படி ஓர் எழுத்துபூர்வமான ஆணை இருந்ததாகத் தெரியவில்லை. நம்பிக்கையே போதுமானதாக இருந்திருக்கிறது.

இன்னொரு ஆவணமும் உண்டு. 2008இல் ஊழியர்களுக்கு நடத்திய பயிற்சியில், அறிக்கைகளில் தவிர்க்க வேண்டிய 69 சொற்களின் பட்டியல் தரப்பட்டது. ‘குறைபாடு’ என்று எழுதாதே, ‘வடிவமைப்பின்படி இயங்கவில்லை’ என்று எழுது. ‘பிரச்சினை’ வேண்டாம், ‘நிலைமை’ என்று எழுது. மிகை உணர்ச்சியைக் குறைக்கும் எழுத்துப் பயிற்சி என்று பார்த்தால் அதில் தவறில்லை. நானும் பல அலுவலக மின்னஞ்சல்களுக்கு அப்படி ஒன்றைப் பரிந்துரைப்பேன். ஆனால் ‘குறைபாடு’ என்ற சொல் சட்டத்தில் ஒரு கடமையைக் கிளப்பும் சொல். அதை எழுதிவிட்டால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், காரைத் திரும்ப அழைக்க வேண்டும். சொல் கோப்பிலிருந்து போனபோது கடமையும் கண்ணிலிருந்து போய்விட்டது. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு ஆணையம் 3.5 கோடி டாலர் அபராதத்தோடு முடித்த 2014 மே மாத ஒப்புதல் ஆணையில் இந்தப் பட்டியல் இடம்பெற்றதும் உலகம் முழுக்க அதைப் பார்த்துச் சிரித்தது. அடுத்த ஆண்டு குற்ற வழக்கை ஒத்திவைக்க 90 கோடி டாலர் கட்டினார்கள். பதினைந்து பேர் வேலையிலிருந்து அனுப்பப்பட்டார்கள்; அவர்களில் சட்டப் பிரிவைச் சேர்ந்தவர்களும் உண்டு. மரணமோ பெருங்காயமோ சம்பந்தப்பட்ட எந்த வழக்கும், தொகை எவ்வளவாக இருந்தாலும், சமரசத்துக்கோ விசாரணைக்கோ போகும் முன் தலைமைச் சட்ட ஆலோசகரிடம் வர வேண்டும் என்று இந்த விவகாரத்துக்குப் பிறகு விதி மாற்றினார்கள். ஒரே வரி மாற்றம்தான். அந்த வரி பத்தாண்டு முன்பே இருந்திருக்கலாம்.

இங்கே உச்சியில் இருந்தவருக்குத் தெரியவில்லை. சென்னை விவகாரத்தில் உச்சியில் இருந்தவரே முடிவெடுத்தார் என்பது குற்றச்சாட்டு.

காக்னிசென்ட் 1994இல் சென்னையில் தொடங்கிய நிறுவனம். தலைமையகம் பிறகு நியூ ஜெர்சியில் அமைந்தது. பழைய மகாபலிபுரம் சாலையில், சோழிங்கநல்லூர்ப் பக்கம், 27 லட்சம் சதுர அடியில் ஒரு பெரிய வளாகத்தை அது எழுப்பியது. அமெரிக்க அரசின் குற்றச்சாட்டு இது: 2014இன் தொடக்கத்தில், திட்ட அனுமதி தருவதற்குத் தமிழ்நாட்டு அரசு அலுவலர் ஒருவர் சுமார் 20 லட்சம் டாலர் கேட்டார். கட்டுமான ஒப்பந்ததாரர் மூலமாக அது கம்பெனிக்குத் தெரியவந்தது. அந்த ஏப்ரலில் நடந்த காணொளிக் கூட்டங்களில், ஒப்பந்ததாரரே கொடுத்துவிடட்டும், பிறகு அவருக்கு ஈடுகட்டிவிடலாம் என்று முடிவானது. ஈடுகட்டிய வழிதான் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது. கட்டுமானத்தில் ‘சேஞ்ச் ஆர்டர்’ என்பது தினப்படி நடப்பது. சுவர் இடம் மாறும், கூடுதல் குழாய் வரும், விலை உயரும். கூடுதல் வேலை என்ற பெயரில் ஒப்பந்ததாரர் கொடுத்த பட்டியலில் அந்தத் தொகை கலக்கப்பட்டது என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் சொன்னது. முடிவில் பங்கேற்றதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களில் இருவர் கம்பெனியின் தலைவரும் தலைமைச் சட்ட அலுவலரும்.

இருவரும் குற்றச்சாட்டை மறுத்தார்கள். 2019 பிப்ரவரியில் தொடங்கிய வழக்கு ஆறு ஆண்டு இழுத்தது. 2025 பிப்ரவரியில் வெளிநாட்டு லஞ்சச் சட்டத்தின் அமலாக்கத்தை அதிபர் டிரம்ப் நிறுத்திவைத்தார். ஏப்ரலில், விசாரணை தொடங்கவிருந்த நேரத்தில், அரசே வழக்கைத் திரும்பப் பெற்றது. மீண்டும் தொடுக்க முடியாதபடி நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. ஆகவே அந்த அறையில் என்ன நடந்தது என்பது எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கப்படவில்லை. அந்த இருவரைப் பற்றித் தீர்ப்பு எழுத எனக்கும் உரிமையில்லை. நிறுவனத்தின் கதை வேறு. விவரம் போர்டுக்குத் தெரிந்த இரண்டு வாரத்துக்குள் தானே போய் அமெரிக்க அரசிடம் சொன்னது. 2016 செப்டம்பர் கடைசியில் சந்தைக்கு அறிவித்தது. சென்னையிலும் புனேயிலும் நடந்த வேறு சில கொடுக்கல்களையும் சேர்த்து, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் பங்குச் சந்தை ஆணையத்துக்குச் சுமார் 2.5 கோடி டாலர் கட்டியது. மேல்மட்டமே சம்பந்தப்பட்டிருந்தும், தானாக வந்து சொன்னதற்காகக் கம்பெனி மீது குற்ற வழக்கு போட மாட்டோம் என்று அமெரிக்க நீதித் துறை எழுதிக்கொடுத்தது.

இந்தக் கோப்பை, சட்டங்கள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் ஒரு கம்ப்ளையன்ஸ் அலுவலரின் கண்ணால் படித்தால் லஞ்சம் கேட்கப்பட்ட நாள் அவ்வளவு முக்கியமாகத் தெரியாது. அதற்கு முன்பே சிக்கல் முற்றியிருந்தது. கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது, திட்ட அனுமதி கையில் இல்லை, ஆட்களைக் குடியமர்த்தும் தேதி நெருங்குகிறது. இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குப் பேரம் பேசும் வலு தானாகக் கிடைத்துவிடுகிறது. மென்பொருளில் அந்த வரி சிவப்பாக இருந்திருக்க வேண்டும். சிவப்பைப் பார்த்துக் கட்டுமானத்தை நிறுத்தும் அதிகாரம் யாருக்காவது இருந்திருக்க வேண்டும். லஞ்ச ஒழிப்புப் பயிற்சி என்று ஆண்டுக்கு ஒருமுறை கணினியில் முப்பது நிமிடப் படம் காட்டிப் பத்துக் கேள்வி கேட்கிறார்களே, அதில் இது வராது.

இந்தியச் சட்டம் 2018இல் மாறியது. ஊழல் தடுப்புச் சட்டத்தின் திருத்தப்பட்ட 8ஆம் பிரிவின்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் காவல் துறையிடமோ புலனாய்வு அமைப்பிடமோ சொன்னால் தப்பலாம். 9ஆம் பிரிவு நிறுவனத்தையே குற்றவாளியாக்குகிறது. போதிய தடுப்பு நடைமுறைகள் இருந்தன என்று காட்டுவதுதான் அதற்குரிய தற்காப்பு. 10ஆம் பிரிவு, உடந்தையாக இருந்த இயக்குநருக்கும் மேலாளருக்கும் செயலருக்கும் மூன்று முதல் ஏழு ஆண்டுச் சிறை என்கிறது. ஏழு நாள் என்பதை நடைமுறையில் யோசித்துப் பாருங்கள். சுங்கத்தில் சரக்கை நிறுத்திவைத்து ஒருவர் பணம் வாங்குகிறார். கொடுத்தவர் கிளியரிங் ஏஜென்ட். அவர் கம்பெனிக்கு அனுப்பும் பில் மாதக் கடைசியில் ‘இதர செலவு’ என்று வருகிறது. கணக்குப் பிரிவு அதைத் திறக்கும்போது ஏழு நாள் எப்போதோ முடிந்திருக்கும். நாளையே போய்ப் புகார் கொடுத்தால் அடுத்த மாதச் சரக்கு என்ன ஆகும் என்ற கேள்வியும் இருக்கிறது. போதிய நடைமுறை என்று சட்டம் சொல்வது கொள்கை ஆவணத்தின் பக்க எண்ணிக்கையில் இல்லை; ஏஜென்ட்டின் அந்த ஒற்றை வரியை யார் எப்போது பார்க்கிறார் என்பதில் இருக்கிறது.

சரி, தலைமைச் சட்ட அலுவலரையே சந்தேகிக்க நேர்ந்தால் கீழே இருப்பவர் எங்கே போவார்? அமெரிக்காவில் இந்தக் கேள்வி இருபது ஆண்டுக்கு மேலாகச் சூடாக ஓடுகிறது. டெனட் என்ற மருத்துவமனைக் குழுமத்தில் சட்டத் தலைமையும் கம்ப்ளையன்ஸ் தலைமையும் ஒரே ஆளிடம் இருந்தன. அயோவாவைச் சேர்ந்த அமெரிக்க செனட்டர் சார்லஸ் கிராஸ்லி 2003இல் அந்தக் குழுமத்துக்கு எழுதிய கடிதத்தில், இதிலுள்ள நாற்றத்தை உணர அயோவாவின் பன்றிப் பண்ணைக்காரர்தான் வர வேண்டும் என்பதில்லை என்ற பொருளில் சாடினார். இரண்டு பதவிகளையும் பிரிக்க வேண்டும் என்ற வாதத்துக்குச் சீமென்ஸின் கதையும் வலு சேர்த்தது. உலகெங்கும் லஞ்சம் கொடுத்ததற்காக 2008இல் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலுமாகச் சுமார் 160 கோடி டாலர் கட்டிய அந்த நிறுவனத்தில் கம்ப்ளையன்ஸ் அலுவலகம் இருக்கத்தான் செய்தது. ஆட்கள் போதவில்லை, இருந்தவர்களும் குற்றத்தைத் தடுப்பது, குற்றம் சாட்டப்பட்டால் கம்பெனிக்காக வாதாடுவது என்று இரண்டு வேலையும் பார்த்தார்கள். 2009இல் ஃபைசர் 230 கோடி டாலர் கட்டி முடித்த வழக்கில், கம்ப்ளையன்ஸ் தலைவர் சட்டத் தலைவருக்குக் கீழே இருக்கக் கூடாது என்று அரசு எழுதி வாங்கிக்கொண்டது.

பிரித்துவிட்டால் தீர்ந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. ஜி.இ.யின் சட்டத் தலைவராக நெடுநாள் இருந்த பென் ஹைன்மேன் வாதிட்டது போல, தொழிலுக்குக் கூட்டாளியாகவும் காவலாளியாகவும் ஒரே ஆள் இருக்க முடியும். கூட்டாளியாக இருப்பவருக்குத்தான் விஷயம் முன்கூட்டியே தெரியவரும். தனியாகப் பிரித்து வைத்த கம்ப்ளையன்ஸ் பிரிவு, முடிவான பிறகு காகிதம் வாங்கும் பிரிவாகச் சுருங்கிவிடுவதும் உண்டு. யாரிடம் போய்ச் சொல்லலாம், சொன்னால் வேலை நிலைக்குமா என்ற இரண்டும்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. என்ரான் கம்பெனியின் வீழ்ச்சிக்குப் பின் வந்த அமெரிக்க விதி, பெரிய மீறலின் தடயத்தைக் கண்ட வழக்கறிஞர் சட்டத் தலைவரிடம் சொல்ல வேண்டும், சரியான பதில் வராவிட்டால் தணிக்கைக் குழுவரை ஏறிப்போக வேண்டும் என்று கடமையாக்கியது. இந்தியாவில் ஒரு கோடி ரூபாய்க்கோ அதற்கு மேலோ மோசடி நடந்திருப்பதாக நம்பக் காரணம் இருந்தால் வெளித் தணிக்கையாளரும், வெளியிலிருந்து செயலகத் தணிக்கை செய்பவரும் மத்திய அரசுக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். உள்ளே உட்கார்ந்து அதே கோப்பைப் பார்க்கும் சட்டக்காரருக்கு அப்படி ஒரு கடமையைக் கம்பெனிகள் சட்டம் வைக்கவில்லை. புகார் வழிமுறை ஒன்று உண்டு. தேவைப்பட்டால் தணிக்கைக் குழுத் தலைவரை நேரில் அணுகலாம். மற்ற எந்த ஊழியருக்கும் உள்ள அதே வழிதான் இவருக்கும்.

வேலை நிலைக்குமா என்பதற்கு இல்லினாய் உச்ச நீதிமன்றம் 1991இல் சொன்ன பதில் கடுமையானது. காம்ப்ரோ என்ற கம்பெனி இறக்குமதி செய்த ரத்தச் சுத்திகரிப்புக் கருவிகள் தரத்தில் தேறவில்லை. அவற்றை விற்றால் தடுக்க என்ன செய்ய வேண்டுமோ செய்வேன் என்று அதன் உள்ளகச் சட்டக்காரர் தலைவரிடம் சொன்னார், வேலை போனது. பழிவாங்கலுக்காக அவர் வழக்கு தொடுக்க முடியாது என்றது நீதிமன்றம். உயிருக்கு ஆபத்து என்றால் சொல்வது வழக்கறிஞரின் கடமை, வேலை போகும் என்றாலும் அவர் சொல்லித்தான் ஆக வேண்டும். எனவே தனியாகப் பாதுகாப்பு தேவையில்லை. கட்சிக்காரருக்குத் தன் வக்கீலை எப்போது வேண்டுமானாலும் மாற்றும் உரிமை உண்டு. தர்க்கம் பிசிறில்லாமல் இருக்கிறது. அந்த நாற்காலியில் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தோடும் வீட்டுக் கடனோடும் உட்கார்ந்திருப்பவருக்கு அது என்ன தைரியத்தைத் தரும் என்று தெரியவில்லை.

நம்மூரில் வங்கித் துறையில் இதை யோசித்துச் செய்திருக்கிறார்கள். வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2020 செப்டம்பரில் அனுப்பிய சுற்றறிக்கையின்படி கம்ப்ளையன்ஸ் தலைவருக்குக் குறைந்தது மூன்றாண்டுப் பதவிக்காலம் உண்டு. இடையில் மாற்றுவதென்றால் போர்டின் ஒப்புதல் வேண்டும், ரிசர்வ் வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். வேறு பொறுப்பு எதையும் கூடவே சுமத்தக் கூடாது. நிர்வாக இயக்குநருக்குக் கீழே இருந்தால், நிர்வாகத்தினர் யாரும் இல்லாமல் காலாண்டுக்கு ஒருமுறை தணிக்கைக் குழு அவரைத் தனியே சந்திக்க வேண்டும். பட்டியலிடப்பட்ட கம்பெனிகளின் கம்ப்ளையன்ஸ் அலுவலர் போர்டுக்கு ஒரு படிக்குமேல் கீழே இருக்கக் கூடாது என்று 2024 டிசம்பரில் செபி விதித்தது. அந்தப் பதவியில் இருப்பவர் நிறுவனச் செயலர். அவரை நியமிக்கக் கம்பெனிகள் சட்டத்தின் 203ஆம் பிரிவின்படி போர்டு தீர்மானம் வேண்டும். சட்டத் தலைவரின் பெயர் அந்தப் பிரிவின் பட்டியலில் இல்லை. கம்பெனியே விரும்பி அவரை முதன்மை நிர்வாகியாக அறிவித்தாலொழிய, அந்தப் பிரிவின்படி அவரை எடுக்கப் போர்டுக்குப் போக வேண்டியதில்லை. அனுப்பவும் போக வேண்டியதில்லை. பல இடங்களில், நியமனக் கடிதத்தில் எழுதிய நோட்டீஸ் காலமும், நிர்வாக இயக்குநரின் கையொப்பத்தோடு மனிதவளத் துறை அனுப்பும் ஒரு கடிதமும் போதும். ஆண்டு ஊதிய உயர்வையும் போனஸையும் முடிவுசெய்பவரும் பெரும்பாலும் அதே நிர்வாக இயக்குநர்தான்.